சோர்ஸ் கோடுக்குள்ளே ராமானுஜன்!

11269.

இது என்ன நம்பர்னு சொல்லுங்க பார்ப்போம்? ரயில் நம்பர் இல்லை. அரியர் எக்ஸாம் ஹால் டிக்கெட் நம்பரும் இல்லை. உலகம் முழுக்க யுனிவர்சிட்டிகள் காசு கொடுத்து வாங்குகிற ஒரு கணித சாஃப்ட்வேர், தொடர்ந்து நாலு வெர்ஷனில் தப்பா பதில் சொன்ன நம்பர்களில் முதல் நம்பர் இது. அந்த சாஃப்ட்வேர் மேப்பிள். 2004-ல் வந்த 9.5 வெர்ஷனில் தப்பு. 10, 11-லும் தப்பு. 2008-ல் வந்த 12-லும் அதே தப்பு. அதுவும் எந்தக் கணக்கில் தெரியுமா? நம்ம ராமானுஜன் கணக்கில்!

கணக்கு ரொம்ப சிம்பிள். சேலத்துக்காரங்களுக்குத் தட்டுவடையை வெச்சே சொல்லிடறேன். உங்ககிட்ட நாலு தட்டுவடை இருக்கு. அதை எத்தனை விதமா அடுக்கி வைக்கலாம்? நாலையும் ஒரே அடுக்கா வைக்கலாம். மூணு ஒரு அடுக்கு, ஒண்ணு தனியா. ரெண்டு ரெண்டா. ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. இல்லைன்னா நாலையும் தனித்தனியா. மொத்தம் 5 வழி, அவ்வளவுதான். எந்த அடுக்கு முதலில், எது பின்னால் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. இதுக்கு ‘பார்ட்டிஷன்’ என்று பேர்.

பத்து தட்டுவடைக்கு 42 வழி. சரி, நூறுக்கு? 19,05,69,292. பத்தொன்பது கோடி பாஸ்! இருநூறுக்குப் போனால் 39,72,99,90,29,388. கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி.

இந்த இருநூறு வரைக்கும் பேப்பர், பேனாவிலேயே போட்டு முடித்தவர் மக்மஹோன் என்ற ஆங்கிலேயர். பீரங்கிப் படையில் மேஜர். 1918-ல் ராமானுஜனும் ஹார்டியும் ஒரு ஃபார்முலாவை வெளியிட்டார்கள். அதில் 200-ஐப் போட்டுப் பார்த்தால் மக்மஹோன் கையால் போட்ட அதே விடை, வெறும் 0.004 வித்தியாசத்தில்! பிறகு 1937-ல் ராடமாக்கர் என்ற கணித மேதை அதைத் துல்லியமான ஃபார்முலாவாக மாற்றினார். ராமானுஜன் பிறந்தது ஈரோடு, குடும்ப தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். ஃபேர்லேண்ட்ஸில் உட்கார்ந்து இதை எழுதும்போது ‘எங்க ஊரு ஏரியா’ என்று கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் இல்லையா?

இங்கேதான் சிக்கல். அந்த ஃபார்முலா நேரா முழு எண்ணைத் தராது. தசம எண்களாகக் கொடுக்கும். அதையெல்லாம் கூட்டி, கடைசியில் பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளணும். 11269-க்கு வருகிற விடையில் 114 இலக்கம். நம்ம சி லேபில் ‘டபுள்’ என்று அறிவிக்கிறோமே, அது பிடித்து வைத்துக்கொள்வது 15, 16 இலக்கம்தான். ஆக, எத்தனை இலக்கத் துல்லியத்தோடு ஒவ்வொரு உறுப்பையும் போடணும், எங்கே நிறுத்தணும் என்று புரோகிராம் எழுதினவர் சரியா கணித்திருக்கணும். அதில் இம்மி பிசகினாலும் விடை பார்க்க அழகா, முழு எண்ணா, கம்பீரமா வந்து நிற்கும். ஆனா தப்பா இருக்கும். எர்ரர் மெசேஜ் வராது, சிவப்பு லைட் எரியாது.

இதை எழுதுவது மேப்பிளைத் திட்டுவதற்காக இல்லை. மேப்பிளின் லைப்ரரி கோடைக்கூடப் பெரும்பாலும் திறந்து படிக்கலாம். ஆனா தப்பைக் கண்டுபிடித்து, நாமே திருத்தி, திருத்திய சாஃப்ட்வேரைப் பக்கத்து ரூம் பையனுக்குக் கொடுக்க உரிமை கிடையாது. கம்பெனி அடுத்த வெர்ஷன் விடுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு கதையும் இருக்கு. ஸ்பெயின் நாட்டுக் கணிதப் பேராசிரியர்கள் மூன்று பேர் மேத்தமேட்டிகாவில் ஒரு டிட்டர்மினன்ட் போட்டார்கள். முழு எண்கள் மட்டுமே உள்ள 14-க்கு 14 மேட்ரிக்ஸ். அதே மேட்ரிக்ஸை மறுபடி போட்டால் வேற விடை! தேற்றம் தப்பா, சாஃப்ட்வேர் தப்பா என்று தலையைப் பிய்த்துக்கொண்ட கதையை 2014-ல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் கட்டுரையாகவே எழுதிவிட்டார்கள்.

இப்போ நம்ம நிலைமையைப் பாருங்க. ப்ராஜெக்ட் வைவாவில் எக்ஸ்டர்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார், “இந்த ஆன்சர் கரெக்டுன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?” நம்ம பதில், “சாஃப்ட்வேர்ல வந்துச்சு சார்.” அந்த சாஃப்ட்வேர் பெரும்பாலும் லேப் நாலரை மணிக்கு மூடினதும் நம் கையை விட்டுப் போய்விடும். லைசென்ஸ் காலேஜுக்கு மட்டும்தான். சொந்த லேப்டாப்பில் வேணும்னா 30 நாள் ட்ரையல், இல்லைன்னா சீனியர் ஒருத்தர் ‘அன்போடு’ கொடுக்கும் கிராக் காப்பி. (அதில் என்னென்ன வைரஸ் குடித்தனம் இருக்கோ, அந்த சீனியருக்கே தெரியாது!)

ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் யோஆகிம் நாய்ப்யூசர் என்ற பேராசிரியருக்கு இதே கோபம் இருந்தது. ஒரு தேற்றத்தையும் அதன் நிரூபணத்தையும் லைப்ரரியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், வாழ்நாள் முழுக்கக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். அதே கணக்கைப் போடும் புரோகிராமுக்கு மட்டும் ஏன் பூட்டு என்று கேட்டவர். 1986-ல் அவர் குழு ஆரம்பித்த ‘கேப்’ என்ற குரூப் தியரி சாஃப்ட்வேர் இன்றைக்கும் கட்டற்ற மென்பொருளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பாரி வள்ளல் பிரான்சில் இருக்கார்!

எங்க ரூம் ஃபேர்லேண்ட்ஸில், ரெண்டு ஆஸ்பத்திரிக்கு நடுவில் ஒரு மாடி. நாலு பேர், நாலு டிபார்ட்மென்ட், மூணு லேப்டாப். போன செமஸ்டர் லீவில் நாங்க செய்த வேலை, கணித சாஃப்ட்வேர்களை சோர்ஸ் கோடிலிருந்து நாமே கட்டிப் பார்ப்பது.

“ரெடிமேடா டவுன்லோடு பண்ணி இன்ஸ்டால் பண்ணினா ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சுது. இது என்னடா வேலையத்த வேலை?” என்றான் மெக்கானிக்கல் ரூம்மேட். அவன் ஊர் நாமக்கல் பக்கம். அவனுக்கு அவன் ஊர் பாஷையிலேயே சொல்ல வேண்டியதாப் போச்சு. லாரி கம்பெனியில் இருந்து என்ன வருது? வெறும் சேஸிஸ். இன்ஜினும் நாலு சக்கரமும் மட்டும். பாடி கட்டுவது யாரு? நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறை. மரம் ஏத்தவா, முட்டை ஏத்தவா, என்ன லோடு என்று கேட்டு அதுக்குத் தகுந்த மாதிரி கட்டித் தர்றாங்க. பட்டறையில் நின்னு பார்த்தவனுக்கு எந்த போல்ட் எங்கே இருக்குன்னு தெரியும். சோர்ஸிலிருந்து பில்டு பண்ணுவதும் அதேதான். பையன் அடங்கிட்டான்!

முதலில் எடுத்தது பாரி. ஆமாங்க, பேரே பாரிதான். முல்லைக்குத் தேர் கொடுத்த நம்ம பாரி இல்லை. பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கோயனும் நண்பர்களும் 1980-களில் தொடங்கிய எண்கணித சாஃப்ட்வேர். ஆனா குணத்தில் நம்ம பாரியேதான், சோர்ஸ் கோடு முழுசா இலவசம். மொத்தமும் சி மொழியில். ரெண்டாவது செமஸ்டரில் படித்துவிட்டு மறந்துபோன அதே சி!

டெர்மினலில் மூணு படி. முதலில் கன்ஃபிகர் (இதில் மட்டும் முதல் எழுத்து கேப்பிடல்). இது உங்க மெஷினைச் சுத்திப் பார்த்து, என்ன பிராசஸர், எந்த கம்பைலர், என்னென்ன லைப்ரரி இருக்குன்னு குறிப்பு எடுத்துக்கொள்ளும். அடுத்து மேக். ஸ்கிரீன் முழுக்க வரிகள் ஓடும், ஒவ்வொரு சி ஃபைலும் கம்பைல் ஆகும். டீ குடிச்சிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். மூணாவது பெஞ்ச். கட்டின சாஃப்ட்வேருக்கு அங்கேயே எக்ஸாம் வைப்பது.

நல்லாத்தான் போச்சு. ஆனா ஓடவிட்டு, போன கமாண்டைத் திரும்ப எடுக்க மேல் அம்புக்குறியை அழுத்தினால் தொப்பியும் சதுர அடைப்புமா ஏதோ கிறுக்கல் வருது. மூணு லேப்டாப்பில் ரெண்டில் இப்படி. காரணம், ரீட்லைன் என்ற லைப்ரரி. ‘அதான் சிஸ்டத்தில் இருக்கே!’ என்று தேடினால், இருக்கு. ஆனா ஓடுவதற்கு வேண்டிய பகுதி மட்டும்தான் இருக்கு. கம்பைல் பண்ணும்போது வேண்டிய ஹெடர் ஃபைல்கள் ‘டெவ்’ என்று முடிகிற தனி பேக்கேஜில் தூங்கிக்கொண்டிருந்தன. அதைப் போட்டு, மறுபடி கன்ஃபிகர், மறுபடி மேக். அம்புக்குறி வேலை செய்தது. ‘ஹெடர் ஃபைலுக்கும் லைப்ரரிக்கும் என்ன வித்தியாசம்?’ என்ற ரெண்டு மார்க் கேள்விக்கு எங்க ரூமில் இனிமேல் யாரும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

பெரிய எண்களுக்காக பாரி கூட்டு சேர்த்துக்கொள்ளும் இன்னொரு லைப்ரரி ஜி.எம்.பி. 1991-லிருந்து வந்துகொண்டிருப்பது. பெருக்கல், வகுத்தலை பிராசஸரின் அடிமட்ட மொழியிலேயே எழுதி வேகத்தைப் பிழிந்தெடுத்திருப்பார்கள். அதைக் கட்டப் போனால் ‘எம்4 இல்லை’ என்று மூஞ்சியில் அடித்தாற்போல நின்றுவிடும். எம்4 ஒரு பழங்கால மேக்ரோ கருவி, சின்னதுதான். ஒரு வரி கமாண்டில் வந்துவிடும். முக்கியமான விஷயம் வேறு. கட்டி முடித்ததும் கட்டாயம் ‘செக்’ ஓட்டுங்க என்று ஜி.எம்.பி. எழுதியவர்களே கெஞ்சாத குறையாகச் சொல்கிறார்கள். ஏன்னா, கோடு சரியா இருந்தாலும் கம்பைலரே தப்பா மொழிபெயர்த்துவிடும் சந்தர்ப்பங்கள் இருக்காம். கம்பைலரையே சந்தேகப்படணும்னு எந்த லேப் மேனுவலிலாவது எழுதியிருக்கா சொல்லுங்க?

சரி, 11269-க்கு வருவோம். பாரியில் ‘நம்ப்பார்ட்’ என்று ஒரு ஃபங்ஷன். முதலில் 200 கொடுத்தோம். மக்மஹோன் விடை அப்படியே வந்தது. அடுத்து 11269. என்டரை அழுத்திக் கையை எடுப்பதற்குள் 231 என்று ஆரம்பித்து 114 இலக்கமும் வந்து நின்றது.

“இது மட்டும் சரின்னு எப்படித் தெரியும்?” மெக்கானிக்கல்காரன் விடவில்லை. நியாயமான கேள்வி. இங்கே ராமானுஜனே ஒரு சாவி கொடுத்திருக்கார். 4-லோ 9-லோ முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பார்ட்டிஷன் எண்ணிக்கை 5-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 1919-ல் நிரூபித்து வெளியிட்டார். 4-க்கு 5, 9-க்கு 30, 14-க்கு 135, 19-க்கு 490. 11269 முடிவது 9-ல்! அப்போ விடையின் கடைசி இலக்கம் 0 அல்லது 5-ஆகத்தான் இருக்கணும். பார்த்தோம், பாஸ். இது மட்டும் போதாதுதான். அதனால் இன்னொரு வழியிலும் போட்டோம். ஆய்லர் காலத்து சூத்திரம் ஒன்று இருக்கு. முந்தைய எண்களின் விடைகளைக் கூட்டிக் கழித்தே அடுத்த விடையைத் தரும். முழு எண்கள் மட்டும்தான், தசமமே வராது. பைத்தானில் பத்துப் பதினைந்து வரி. ரெண்டும் ஒத்துப்போனது. அப்புறம்தான் அவன் படுத்துத் தூங்கினான்.

நூறு சாஃப்ட்வேர், ஒரே வண்டி

பாரி குட்டி ஸ்கூட்டின்னா, சேஜ் டிரெய்லர் லாரி. வில்லியம் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 2005-ல் ஆரம்பித்தது. புதுசா எல்லாத்தையும் எழுதுவதற்குப் பதில், ஏற்கெனவே இருக்கிற பாரி, கேப், மேக்ஸிமா என்று நூறு பேக்கேஜ் அளவுக்குச் சேர்த்து, பைத்தானால் கோர்த்து ஒரே வண்டியா ஓடவிட்டார். இதை சோர்ஸிலிருந்து கட்ட மணிக்கணக்கில் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பதுதான் உத்தமம். ராம் கம்மியா இருக்கிற லேப்டாப்பில் ஒரே நேரத்தில் நாலு வேலையை ஓடவிட்டால் மெஷின் மூச்சு திணறி, பாதியில் ‘கில்டு’ என்று ஒரு வார்த்தையோடு நின்றுவிடும். ஒண்ணு ஒண்ணா ஓடவிடுங்க. பொறுமைதான் பெட்ரோல்.

உள்ளே இருக்கிற மேக்ஸிமாவுக்கே ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களின் கடைசியில் பிறந்த மேக்ஸிமாதான்... ஸாரி, அப்போ அதன் பேர் மேக்ஸிமா இல்லை, மேக்சைமா. டெக்சாஸ் பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர் 1982-லிருந்து அதன் ஒரு பிரதியைக் கிட்டத்தட்டத் தனி ஆளாகக் காப்பாற்றி வந்தார். 1998-ல் அமெரிக்க அரசின் எரிசக்தித் துறையிடம் அனுமதி வாங்கி அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார். 2001-ல் அவர் இறந்த பிறகும் மேக்ஸிமா நிற்கவில்லை, மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சோர்ஸ் பூட்டிக் கிடந்திருந்தால் அவரோடு அதுவும் போயிருக்கும்.

சேஜில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரெண்டு கேள்விக்குறி. எந்த ஃபங்ஷன் பேருக்குப் பின்னாலும் ரெண்டு கேள்விக்குறி போட்டு என்டர் தட்டினால் அதன் சோர்ஸ் கோடு கண் முன்னால் விரியும். ‘எப்படிப் போட்டே?’ என்று சாஃப்ட்வேரையே சட்டையைப் பிடித்துக் கேட்கிற மாதிரி! அப்படி நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் சென்னை கண்ணில் பட்டது.

மேட்ரிக்ஸ் பேப்பரில் ‘சிமிலர் மேட்ரிக்ஸ்’ படித்திருப்போமே, ஒன்றை இன்னொன்றாக மாற்றக்கூடிய மேட்ரிக்ஸ்கள் ஒரே குடும்பம் என்று. 0, 1 மட்டுமே இருக்கும் எண் உலகத்தில் 2-க்கு 2 மேட்ரிக்ஸ்கள் மொத்தம் 16. அதில் இப்படி எத்தனை குடும்பம்? 6. மேட்ரிக்ஸ் பெரிசாகப் பெரிசாக இந்தக் கணக்கு பயங்கரமாகும். இதையெல்லாம் எண்ணிச் சொல்லும் பகுதி சேஜில் இருக்கு. ஃபைலைத் திறந்தால் மேலேயே எழுதியவர் பேர், அமிர்தான்ஷு பிரசாத். 2013 ஜூலை. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர். அடுத்த வருஷம், 2014 ஆகஸ்டில், அதே தரமணியில் ‘சேஜ் டேஸ்’ என்ற பட்டறையே நடந்திருக்கு. எங்கேயோ அமெரிக்காவில் யாரோ எழுதுவது என்று நாம நினைத்துக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேருக்குள்ளே, சேலத்தில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய் இறங்குகிற ஊரில் எழுதின கோடு!

அவர் எழுதினாலும் சரி, நாம எழுதினாலும் சரி, சேஜில் நுழைய ஒரே வாசல்தான். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் உதாரணமும் அதன் சரியான விடையும் கூடவே எழுதிக் கொடுக்கணும். வேறு ஒருத்தர் படித்துப் பார்த்து ஓ.கே. சொல்லணும். அந்த உதாரணங்களையெல்லாம் நம்ம மெஷினிலும் ஓட்டிப் பார்க்கலாம். அதுக்காக இதில் பக் இல்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன். நிறைய இருக்கு, லிஸ்ட்டும் இருக்கு. லிஸ்ட்டை யார் வேணும்னாலும் பார்க்கலாம் என்பதுதான் வித்தியாசம். ராமானுஜன் ஃபார்முலாவுக்கு சேஜ் இப்போ நம்பியிருப்பது ஃபிளின்ட் என்ற லைப்ரரியை. அதில் இந்தப் பகுதியை எழுதிய ஃபிரெட்ரிக் யொஹான்சன், எத்தனை இலக்கத் துல்லியம் வேணும் என்பதையும் கணித நிரூபணத்தோடு 2012-ல் கட்டுரையாக வெளியிட்டார். 2014-ல் 1-க்குப் பின்னால் 20 சைபர் போட்ட எண்ணுக்கே பார்ட்டிஷன் கண்டுபிடித்தார். விடையில் 1,100 கோடிக்கும் மேல் இலக்கம்!

நம்ம பங்கு?

‘கணக்கில் புலியா இருந்தால்தானே இதெல்லாம்?’ என்று ஒதுங்க வேண்டாம். சிம்பை என்ற பைத்தான் கணித சாஃப்ட்வேரைப் பற்றி 2017-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் 27 பேர் ஆசிரியர்கள். அதில் மாணவர்களாக இருந்தபோது கோடு எழுத வந்த இந்தியர்களும் உண்டு. கூகுளின் கோடைக்கால கோடிங் திட்டம் வழியா சிம்பைக்குள் வந்த இந்திய மாணவர்கள் ஏராளம். அதன் வேகமான தம்பியான சிம்இன்ஜினில் இலங்கையின் மொறட்டுவ பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பு இருக்கு. பெரும்பாலும் எல்லாரும் ஆரம்பிப்பது ஒரு எழுத்துப்பிழை திருத்தத்திலோ, விட்டுப்போன ஒரு உதாரணத்தைச் சேர்ப்பதிலோதான்.

கையில் காசும் கொஞ்சம் வேணும் என்பவர்களுக்கு: ஐ.ஐ.டி. பாம்பேயில் மத்தியக் கல்வித் துறை ஆதரவில் நடப்பது ‘ஃபாஸி’ திட்டம். கெமிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று தொடங்கியது. பாடப்புத்தகத்தில் இருக்கும் தீர்த்த கணக்குகளை சைலேபில் கோடாக எழுதிக் கொடுத்த மாணவர்களுக்குச் சான்றிதழோடு சன்மானமும் கொடுத்தார்கள். பிரான்சில் 1990-ல் பிறந்த சைலேபை நம்ம ஊர் காலேஜ்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் இவர்கள் பங்கு பெரிசு. அவர்களின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்கள் தமிழிலும் இருக்கு. லினக்ஸ், சைலேப் எல்லாம் தமிழில் கேட்டுக்கிட்டே பழகலாம்.

சேஜை எடுத்தவுடன் கட்ட உட்கார்ந்து வெறுத்துப்போகாதீங்க. பாரியில் ஆரம்பிங்க. விண்டோஸ்காரங்க டபிள்யூ.எஸ்.எல். போட்டுக்கொண்டால் உள்ளேயே லினக்ஸ் ஓடும், தனி மெஷின் தேவையில்லை. கெமிக்கல் டிபார்ட்மென்ட் மக்களே, உங்களுக்கென்றே ஒன்று இருக்கு, ஆக்டேவ். பேரைப் பார்த்து மியூசிக் சாஃப்ட்வேர்னு நினைத்துடாதீங்க. ரியாக்டர் டிசைன் பாடத்துக்கு லெவன்ஸ்பீல் புத்தகத்தைப் புரட்டுகிறீர்களே, அந்த ஆக்டேவ் லெவன்ஸ்பீல் பேரைத்தான் அவர் மாணவர் ஜான் ஈட்டன் இதுக்கு வைத்தார். முதலில் யோசித்ததும் ரியாக்டர் டிசைன் கணக்குகளுக்குத் துணையாகத்தான்.

இப்போ எங்க ரூமில் மெக்கானிக்கல்காரன் அதன் சோர்ஸைத்தான் இறக்கி வைத்திருக்கிறான். ஃபோர்ட்ரான் கம்பைலர் வேணும்னு கேட்டு நிற்குதாம்.